ஏழாங்கிளாஸ்ல நாங்க வாங்குன பல்பு

இந்தக் கட்டுரையை ஒரு வாக்குமூலத்தோட தொடங்குறேன்.

போன செமஸ்டர்ல என்.எஸ்.எஸ். சார்பா, நம்ம காலேஜ் பக்கத்துல இருக்கிற ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நாலு பேர் போனோம். ஏழாம் வகுப்புக்கு மின்னியல் பாடம் எடுக்கணும். நாலு பேருமே ட்ரிபிள்ஈ, மூணாவது வருஷம். "ஏழாங்கிளாஸ்தானே, அசால்ட்டா முடிச்சிடலாம்"னு கிளம்பினோம். 32 ஸ்லைடு, எலக்ட்ரான் ஓடுற மாதிரி அனிமேஷன், கடைசியில ஒரு க்விஸ். எல்லாம் பக்கா. ஆறாவது ஸ்லைடுல கரண்ட் போயிடுச்சு. மின்னோட்டம் நடத்தும்போது மின்சாரமே போனா பசங்க விடுவாங்களா? சிரிச்சு முடிக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு.

அந்த வகுப்பு அறிவியல் டீச்சர் பதறவே இல்லை. மேசை டிராயர்ல இருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்தாங்க. உள்ளே ஒரு டார்ச் பல்பு, ஒரு செல், ரெண்டு முனையும் சீவின ஒரே ஒரு ஒயர். "தம்பி, இந்த மூணை மட்டும் வச்சு பல்பை எரிய வைங்க பார்ப்போம்"னு எங்க கையிலயே கொடுத்துட்டாங்க.

"இன்னொரு ஒயர் வேணும் மேடம்"னோம். "ஒண்ணுதான் இருக்கு"ன்னாங்க. "ஹோல்டர்?" "இல்லை." செல்லோட நேர்முனையில ஒயரை வச்சு, மறுமுனையை பல்போட அடியில தொட்டோம். எரியலை. செல்லைத் திருப்பிப் போட்டோம். எரியலை. "பல்பு ஃபியூஸ் மச்சி"ன்னு ஒருத்தன் தீர்ப்பே எழுதிட்டான்.

அப்போ மூணாவது வரிசையில இருந்து ஒரு பொண்ணு எழுந்து வந்துச்சு. செல்லோட மொட்டு மேல பல்பை நிக்க வச்சு, ஒயரோட ஒரு முனையை செல்லோட அடியிலயும், இன்னொரு முனையை பல்போட உலோகக் கழுத்துலயும் தொட்டுச்சு. பளிச்! "பல்புக்கும் ரெண்டு இடம் இருக்குண்ணா. ஒண்ணு அடியில, ஒண்ணு பக்கவாட்டுல"ன்னு சொல்லிட்டுப் போய் உட்கார்ந்துடுச்சு.

தெவெனின் தேற்றத்துல முழு மார்க் வாங்கின நாலு பேர், ஒரு ஏழாங்கிளாஸ் பொண்ணுகிட்ட பல்பு வாங்கின கதை இதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ல யாரும் பேசலை. ராத்திரி தேடிப் பார்த்தப்போ கொஞ்சம் ஆறுதல் கிடைச்சுது. 1997-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்ற ஆவணப்படத்தில், பட்டம் வாங்கிய கையோடு நிற்கும் எம்.ஐ.டி. மாணவர்களிடம் இதே பல்பு, இதே செல், ஒரு ஒயர் கொடுத்து எரிய வைக்கச் சொல்கிறார்கள். அங்கேயும் பலர் திணறுகிறார்கள். சரி, நாம மட்டும் இல்லைன்னு மனசு லேசாச்சு. ஆனா அடுத்த நிமிஷமே ஒரு கேள்வி. அந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

அடுத்த வாரம் போய் டீச்சர்கிட்டயே கேட்டோம். அவங்க சொன்னது ரொம்ப சிம்பிள். முதல்ல எதையும் கையில கொடுக்கிறது இல்லை. "எப்படி வச்சா எரியும்னு நினைக்கிறீங்க, நோட்டுல படம் வரைங்க"ன்னு சொல்லுவாங்களாம். எல்லாரும் வரைவாங்க. பெரும்பாலான படம் நாங்க செஞ்ச மாதிரியே இருக்கும். அப்புறம்தான் பொருள் கைக்கு வரும். வரைஞ்ச மாதிரியே வச்சுப் பார்ப்பாங்க. எரியாது. "ஏன் எரியலை?"ன்னு பக்கத்துப் பசங்களோட சண்டை போடுவாங்க. மாத்தி மாத்தி வைப்பாங்க. யாரோ ஒருத்தருக்கு எரியும். எல்லாரும் அங்க ஓடுவாங்க. கடைசி பத்து நிமிஷத்துலதான் டீச்சர் வாயைத் திறந்து "மூடிய சுற்று"ங்கிற வார்த்தையையே சொல்றாங்க.

நாங்க அந்த வார்த்தையை ரெண்டாவது ஸ்லைடுல, சிவப்பு எழுத்துல போட்டிருந்தோம்.

என் கருத்து இதுதான். அறிவியல் வகுப்பை சுவாரசியமாக்குவது என்றால் அதில் வேடிக்கையைச் சேர்ப்பது என்று நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். வீடியோ, அனிமேஷன், க்விஸ், பரிசுச் சாக்லேட். இதெல்லாம் தப்பில்லை. ஆனா ஒரு பிள்ளை தன்னோட சொந்த ஊகத்தை ஒருமுறையாவது பணயம் வைக்கலைன்னா, பாடம் கண்ணு வழியா வந்து காது வழியா போயிடும். ஊகிக்கணும், செஞ்சு பார்க்கணும், ரெண்டும் ஏன் ஒத்துப்போகலைன்னு பேசணும். கல்வி ஆய்வாளர்கள் இதற்கு ஊகி, பார், விளக்கு என்று மூன்று படியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒயிட், கன்ஸ்டோன் என்ற இருவர் 1992-ல் எழுதிய புத்தகத்தில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். மூணு படியில எதை விட்டாலும் வகுப்பு மேஜிக் ஷோ ஆயிடும்.

மேஜிக் ஷோவுக்கு ஒரு நல்ல உதாரணம், நாம எல்லாரும் ஸ்கூல்ல பார்த்த மெழுகுவர்த்தி சோதனை. தட்டுல தண்ணி, நடுவுல எரியுற மெழுகுவர்த்தி, மேல கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கணும். சுடர் அணையும், தண்ணி உள்ளே ஏறும். "பார்த்தீங்களா, ஆக்சிஜன் தீர்ந்து போச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு. காத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன்"னு சொல்லி முடிச்சிடுவாங்க. நான் பன்னிரண்டாவது வரைக்கும் இதை நம்பினேன்.

இப்போ அதே டம்ளருக்குள்ள ஒண்ணுக்குப் பதிலா மூணு மெழுகுவர்த்தி வைங்க. தண்ணி இன்னும் அதிகமா ஏறும். டம்ளர் அதே டம்ளர், உள்ளே இருந்த ஆக்சிஜனும் அதே அளவு. அப்போ எப்படி? இன்னொன்னும் கவனிங்க. தண்ணி பெரும்பாலும் சுடர் அணைஞ்சதுக்கு அப்புறம்தான் சர்ருனு ஏறுது. நிஜத்தில் நடப்பது இது: சுடரின் சூட்டில் டம்ளருக்குள் இருக்கும் காற்று விரிகிறது, கொஞ்சம் வெளியேறவும் செய்கிறது. சுடர் அணைந்ததும் உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மெழுகுவர்த்தி ஆக்சிஜனை முழுசா தீர்க்கிறதும் இல்லை, அதுக்கு முன்னாடியே அணைஞ்சிடுது. எரியும்போது கார்பன் டை ஆக்சைடும் உண்டாகுது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஆறாங்கிளாஸ் பிள்ளையால கூட அந்தப் பழைய விளக்கத்தை உடைக்க முடியும். "மெழுகுவர்த்தி எண்ணிக்கையைக் கூட்டினா என்ன ஆகும்?"னு ஒரே ஒரு கேள்வி போதும். செயல்பாடு அதேதான், பொருளும் அதேதான். கேள்வி இல்லாதப்போ அது தப்பான பாடத்தைக் கூட நல்லா மனசுல பதிய வச்சிடுது.

"ஸ்கூல் பசங்களுக்கு சரி, காலேஜ்ல இதெல்லாம் நடக்குமா?"ன்னு கேப்பீங்க. நடந்திருக்கு. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூருக்கு நல்ல பேராசிரியர் என்ற பெயர் இருந்தது. மாணவர்களும் கணக்கெல்லாம் சரியாகப் போட்டார்கள். ஒருநாள் விசையைப் பற்றிய அடிப்படைக் கேள்விகளை, கணக்கே இல்லாமல், சாதாரண வார்த்தைகளில் கொடுத்துப் பார்த்தார். பலருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு, 1990-களின் தொடக்கத்தில், அவர் வகுப்பு நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார். கொஞ்ச நேரம் விளக்கம், பிறகு ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை சொல்ல வேண்டும். விடைகள் பிரிந்து கிடந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் பேசி அவரைச் சம்மதிக்க வைக்க முயல வேண்டும். மறுபடி விடை. அதன் பிறகுதான் ஆசிரியர் விளக்குவார்.

இதை ஹாஸ்டல்ல முயற்சி பண்ணினேன். கேள்வி: லாரியும் ஸ்கூட்டியும் நேருக்கு நேர் மோதுது. எது எது மேல அதிக விசை கொடுக்குது? சாப்பாட்டு வரிசையில நின்ன பாதிப் பேருக்கு மேல "இதெல்லாம் ஒரு கேள்வியா, லாரிதான்"னாங்க. நியூட்டனோட மூணாம் விதியைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்றவங்க இவங்க. விசை ரெண்டு மேலயும் சமம். ஸ்கூட்டியோட நிறை கம்மி, அதனால அதோட முடுக்கம் அதிகம், அதனால சேதமும் அதுக்குத்தான். இதை நான் விளக்கலை. சரியாச் சொன்ன ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் மத்தவங்களோட இருபது நிமிஷம் வாதாடினான். அன்னைக்கு சாம்பார் ஆறிப்போச்சு, ஆனா அந்த வரிசையில நின்ன யாரும் இனி மூணாம் விதியை மறக்க மாட்டாங்க.

இதுக்கு கிளிக்கர் வேண்டாம், ஆப் வேண்டாம். விடை ஒண்ணா, ரெண்டா, மூணா, நாலான்னு நெஞ்சு கிட்ட விரலை வச்சுக் காட்டினா போதும். பக்கத்துல இருக்கிறவனைப் பார்த்துக் காப்பி அடிக்கவும் முடியாது.

இது என் ஹாஸ்டல் அனுபவம் மட்டும் இல்லை. கல்லூரி அளவிலான அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளை ஒப்பிட்ட 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஃப்ரீமன் குழுவினர் வெளியிட்ட கட்டுரையில், வெறும் விரிவுரை கேட்ட வகுப்புகளில் சராசரியாக 34 சதவீதம் பேர் தோல்வியடைந்தார்கள். மாணவர்கள் ஏதாவது செய்யவும் பேசவும் இடம் இருந்த வகுப்புகளில் 22 சதவீதம். அரியர் லிஸ்ட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுற நமக்கு இந்த ரெண்டு நம்பரும் சும்மா இல்லை.

"இதுக்கெல்லாம் காசு வேணுமே, லேப் வேணுமே" என்பது அடுத்த சாக்கு. இதற்குப் பதில் சொன்னவர் ஒரு இன்ஜினியர். அரவிந்த் குப்தா, கான்பூர் ஐ.ஐ.டி.யில் எலக்ட்ரிக்கல் படித்தவர். டெல்கோ வேலையில் இருந்தபோது ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பக்கம் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். அங்கே சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி உருவங்கள் செய்யத் தொடங்கினார். நாலு குச்சியில ஒரு சதுரம் செய்ங்க, விரலால தள்ளினா சாய்ஞ்சிடும். மூணு குச்சியில முக்கோணம் செய்ங்க, என்ன தள்ளினாலும் வடிவம் மாறாது. இப்போ பிள்ளைங்களை ஜன்னலுக்குக் கூட்டிட்டுப் போய் செல்போன் டவரைக் காட்டுங்க. "ஏன் டவர் முழுக்க முக்கோணமா இருக்கு?"ன்னு அவங்களே கேப்பாங்க. சிவில் பசங்க ட்ரஸ் படிக்கிறதுக்கு முன்னாடி இதைக் கையால தொட்டிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!

அதைவிட மலிவு, நிழல். ஒரு குச்சியை வெட்டவெளியில நட்டா போதும். "நண்பகல்ல நிழல் எந்தப் பக்கம் விழும்?"னு கேளுங்க. "காலடியிலதான்"னு எல்லாரும் சொல்லுவாங்க. உச்சி வெயில்னு பேரே வச்சிருக்கோமே. ஆனா ஜூன், ஜூலையில தமிழ்நாடு முழுக்க நண்பகல் நிழல் தெற்கே விழும், டிசம்பர்ல வடக்கே விழும். வருஷத்துல ரெண்டே நாள்தான் நிழல் சரியா காலடிக்குள்ள அடங்கும். சென்னையில் அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் வரும். அதுவும் கடிகாரத்துல சரியா 12 மணிக்கு இல்லை, சில நிமிஷம் தள்ளி, ஊருக்கு ஊர் மாறும். பூமியோட சாய்வு, அட்சரேகை, பருவகாலம் எல்லாம் ஒரு குச்சிக்குள்ள இருக்கு. பள்ளி திறந்ததுல இருந்து வாரம் ஒருநாள் நிழல் முனையில ஒரு கல்லை வச்சுக்கிட்டே வந்தா, கல் எல்லாம் நகர்ந்து போறது பிள்ளைங்களுக்கே தெரியும்.

இவ்வளவு எளிமைன்னா ஏன் எல்லா இடத்துலயும் நடக்கலை? டீச்சர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. ஒரே டீச்சர் மூணு வகுப்பைப் பார்க்கணும், பதிவேடு எழுதணும், ஆன்லைன்ல ஏத்தணும், தேர்தல் வேலைக்கும் போகணும். முயற்சியே இல்லைன்னும் சொல்ல முடியாது. நம்ம ஊரில் 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. 2022 நவம்பரில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்காக வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. அதில் கருத்தாளர்கள் சோதனைப் பொருட்களோடு பள்ளிக்கே வருகிறார்கள்.

ஆனா ஒரு இடத்துல எல்லாம் முட்டி நிக்குது: பரீட்சை. ஹோஷங்காபாத் முயற்சியைப் பற்றிப் படிக்கும்போது என்னை ரொம்ப யோசிக்க வச்சது அதுதான். 1972-ல் 16 பள்ளிகளில் தொடங்கிய அந்த அறிவியல் திட்டத்தில் பாடம் மட்டும் மாறவில்லை, தேர்வும் மாறியது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், கையால் செய்து காட்டும் தேர்வும் உண்டு. முப்பது வருஷம் ஓடிய பிறகு 2002-ல் அரசு அதை நிறுத்திவிட்டது. நிறுத்தியது சரியா தப்பா என்பது தனி விவாதம். ஆனா கேள்வித்தாள் மனப்பாடத்தைக் கேட்கும் வரை, வகுப்பில் எவ்வளவு சோதனை செய்தாலும் டிசம்பர் வந்ததும் எல்லாரும் கைடைத் தூக்குவாங்க. நானும் அப்படித்தான் தூக்கினேன்.

நம்ம கதை மட்டும் என்ன வாழுது? நாம பொறியியல் படிக்கிறோம். நமக்கு லேப் இருக்கு, கருவி இருக்கு. நம்ம லேப்ல என்ன நடக்குதுன்னு நமக்கே தெரியும். சீனியரோட ரெக்கார்டுல இருந்து ரீடிங். கிராஃப் நேர்கோடா வரணும்னு தெரியும், அதனால கோட்டை முதல்ல போட்டுட்டு புள்ளியை அப்புறம் வைக்கிறோம். தப்பான ரீடிங் வந்தா "ஏன் வந்துச்சு?"ன்னு யாரும் கேக்கிறது இல்லை, அழிச்சிட்டு சரியானதை எழுதறோம். அந்த ஏழாங்கிளாஸ் வகுப்புல தப்பான படத்தை அழிக்கவே விடலை தெரியுமா? பக்கத்துலயே சரியான படத்தை வரையச் சொல்லி, நடுவுல "நான் ஏன் அப்படி நினைச்சேன்"னு ஒரு வரி எழுதச் சொன்னாங்க.

நம்ம காலேஜ்ல இருந்து வருஷா வருஷம் ஏதாவது ஒரு கிளப் பள்ளிகளுக்குப் போகுது. இனி போறவங்களுக்கு, பல்பு வாங்கினவனோட யோசனைகள்:

ஒண்ணு, ஸ்லைடைக் குறைங்க. ஒரு வகுப்புக்கு ஒரு நல்ல கேள்வி போதும். அந்தக் கேள்வியை முதல்ல உங்க ரூம்மேட் கிட்ட கேட்டுப் பாருங்க. அவரும் தப்பாச் சொன்னா, கேள்வி நல்ல கேள்வி.

ரெண்டு, பொருளைக் காட்டறதுக்கு முன்னாடி ஊகத்தை எழுதச் சொல்லுங்க. மனசுல நினைச்சுக்கிட்டா போதாது. எழுதலைன்னா, விடை தெரிஞ்ச பிறகு "நானும் அதைத்தான் நினைச்சேன்"னு எல்லாரும் சொல்லுவாங்க. நாம சொல்ல மாட்டோமா?

மூணு, கேள்வி கேட்டுட்டு வாயை மூடிட்டு இருங்க. மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கியதுமே பிள்ளைகள் நீளமாகப் பதில் சொன்னார்கள், பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூணு நொடி நின்னு பாருங்க, மூணு நிமிஷம் மாதிரி இருக்கும்.

நாலு, டார்ச் செல்லோட நிறுத்திக்கோங்க. வீட்டு பிளக் பாயிண்ட்டுல இதையெல்லாம் செய்யவே கூடாதுன்னு வகுப்புத் தொடக்கத்துலயும் முடிவுலயும் சொல்லுங்க. ஆர்வத்தைத் தூண்டிவிட்டா அதுக்கான பொறுப்பும் நம்மளுதுதான்.

அஞ்சு, மறுபடி போங்க. ஒருநாள் போய் குரூப் போட்டோ எடுத்துட்டு வர்றது நமக்கு சர்டிஃபிகேட் தரும், அவங்களுக்கு எதுவும் தராது. கொண்டுபோன பொருளை அங்கேயே விட்டுட்டு வாங்க.

நாங்க இப்போ மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை போறோம். டார்ச் பல்பு இப்போ கடையில சுலபமா கிடைக்கிறது இல்லை, எல்லாமே எல்.இ.டி. ஆயிடுச்சு. சரின்னு போன தடவை சிவப்பு எல்.இ.டி. வாங்கிட்டுப் போனோம். பசங்க முதல்ல ஒரு செல்லை வச்சாங்க, எரியலை. ரெண்டு செல்லை வரிசையா வச்சு, நாங்க கொடுத்த 100 ஓம் ரெசிஸ்டரையும் சேர்த்துப் போட்டாங்க, எரிஞ்சுது. திருப்பிப் போட்டாங்க, எரியலை. உடனே கடைசி பெஞ்ச் பையன் ஒருத்தன் கேட்டான்: "அண்ணா, பல்பை எப்படிப் போட்டாலும் எரிஞ்சுது. இது மட்டும் ஏன் ஒரு பக்கம்தான் எரியுது?"

பி-என் சந்தி. பன்னிரண்டாவதுலயும் படிச்சோம், ஃபர்ஸ்ட் இயர்லயும் படிச்சோம், பதிமூணு மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுதினோம். அந்தப் பையனுக்குப் புரியுற மாதிரி ஒரு வாக்கியம் எங்க நாலு பேர்கிட்டயும் இல்லை. "அடுத்த வாரம் சொல்றேன் தம்பி"ன்னு சொல்லிட்டு வந்துட்டோம்.

வர்ற சனிக்கிழமை மறுபடி போகணும். ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டு இருக்கோம். உண்மையைச் சொன்னா, இந்த நாலு வருஷ படிப்புல நான் முதல்முறையா டயோடைப் படிக்கிறது இப்போதான். உங்க யார்கிட்டயாவது ஏழாங்கிளாஸ் பையனுக்குச் சொல்ற மாதிரி நல்ல விளக்கம் இருந்தா, ஹாஸ்டல் பக்கம் வந்து சொல்லிட்டுப் போங்க. டீ எங்க செலவு.